கால், அரை, முக்கால்: விமானம் ஓட்ட எவ்வளவு கணக்கு வேண்டும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தூரிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். என் அத்தைக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். முதல் ஐந்து நிமிடமும் இருவருக்கும் தெரிந்த மனிதர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கேட்க வந்ததைக் கேட்கத் தயங்குகிறாள் என்று புரிந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அக்கா, எனக்கு மேத்ஸ் சுத்தமா வராது. பைலட் ஆகணும்னு நினைக்கிறது தப்பாக்கா?"

நானும் விருதுநகரில் காமர்ஸ் குரூப் படித்தவள்தான். கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண் எடுத்தேன். இயற்பியல் புத்தகத்தைப் பத்தாம் வகுப்போடு மூடி வைத்திருந்தேன். இன்று ஏர்பஸ் ஏ320 ரக விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபிசராக, அதாவது துணை விமானியாக இருக்கிறேன். விடுமுறை நாட்களில் பயிற்சி மாணவர்களுக்கு நேவிகேஷன், அதாவது வழி கணிக்கும் பாடம் எடுக்கிறேன். அவள் கேட்ட கேள்வியை நான் பதினேழு வயதில் என் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அன்று போனில் அவளுக்குச் சொன்னது போதாது என்று தோன்றிக்கொண்டே இருந்ததால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விதி. அதைச் சொல்லாமல் மற்றதைப் பேசுவது பிள்ளைகளை ஏமாற்றுவதாகிவிடும்.

நம் நாட்டில் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமென்றால் சிபிஎல் என்ற வர்த்தக விமானி உரிமம் வேண்டும். அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும் என்பதுதான் நான் சேர்ந்தபோது இருந்த டிஜிசிஏ விதி. விமானிகளுக்கு உரிமம் கொடுக்கும் மத்திய அரசு அமைப்புதான் டிஜிசிஏ. தொண்ணூறுகளின் நடுவில் வந்தது அது. அதற்கு முன்பு பத்தாம் வகுப்பே போதுமானதாக இருந்தது. 2025இல் இந்த நிபந்தனையைத் தளர்த்தப்போகிறார்கள் என்று செய்தித்தாள்களில் பேச்சு அடிபட்டது. செய்தியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். விண்ணப்பிக்கிற நாளில் டிஜிசிஏ தளத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

சொந்த விருப்பத்துக்காகப் பறக்கும் தனியார் விமானி உரிமத்துக்கு நம் ஊரிலேயே பத்தாம் வகுப்பு போதும். அமெரிக்காவில் வர்த்தக உரிமத்துக்கு 18 வயதும் ஆங்கிலமும் மருத்துவத் தகுதியும் வேண்டும். எழுத்துத் தேர்விலும் பறக்கும் தேர்விலும் தேற வேண்டும். பள்ளியில் என்ன படித்தாய் என்று கேட்பதில்லை. பிரிட்டனிலும் உரிமம் வாங்குவதற்கென்று பள்ளிப் பாடத் தகுதி எதையும் சட்டம் வைக்கவில்லை. ஆட்களை எடுக்கும் நிறுவனங்களும் பயிற்சிப் பள்ளிகளும்தான் கணிதம், அறிவியல், ஆங்கிலம் என்று கேட்கின்றன. ஆனால் அங்கே பெரிய விமானங்களுக்கான உரிமத்துக்கு 13 பாடங்களில் எழுத்துத் தேர்வு, ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுக்க வேண்டும். பள்ளி வாசலில் கேட்காததை அங்கே கேட்டுவிடுகிறார்கள். நமக்கும் நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் என்று டிஜிசிஏ தாள்கள் உண்டு. தேர்ச்சிக்கு 70 வேண்டும்.

விமானப்படை வேறு. அங்கே பறக்கும் பிரிவுக்குப் பிளஸ் டூ கணிதமும் இயற்பியலும் கட்டாயம். அதில் சுற்றுவழி கிடையாது.

சிபிஎல்லுக்குச் சுற்றுவழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், எல்லோரும் என்ஐஓஎஸ் என்பார்கள், அந்த இரண்டு பாடங்களை மட்டும் தனியாக எழுதித் தேறலாம். கணிதம் 311, இயற்பியல் 312. அந்த எண்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். அதற்கு முன்னால் சென்னையில் ஓர் ஆலோசனை மையத்துக்குப் போயிருந்தோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அப்பாவிடம் "காமர்ஸா சார்? பொண்ணை கேபின் க்ரூவுக்கு ட்ரை பண்ணச் சொல்லுங்க" என்றார். கேபின் க்ரூ வேலை எவ்வளவு பொறுப்பானது என்று இப்போது கூடவே பறக்கும்போது தெரிகிறது. அன்று எனக்கு வலித்ததற்குக் காரணம், என் மூளையை ஒரு தாளில் பார்த்து முடித்துவிட்டார் என்பது. திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று இருப்பதையே அவர் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பா ஒன்றும் பேசவில்லை. மதுரை தாண்டியதும், "தாத்தா கடையில நீ போடாத கணக்கா?" என்றார். அவ்வளவுதான்.

தாத்தாவுக்கு எண்ணெயும் பலசரக்கும் விற்கிற கடை. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். அவர் காலிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவார். பெரும்பாலும் அதுவும் கிடையாது, வாயிலேயே. வாய்ப்பாட்டை எண்ணோடு நிறுத்தாமல் கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம் என்று பின்னத்தோடு படித்த தலைமுறை. "பாப்பா, கிலோ எம்பது ரூவா. முக்காக் கிலோ என்ன?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பொட்டலத்தைக் கட்டி முடித்துவிடுவார். அறுபது என்று சொல்ல நான் தாமதித்தால், "ஆள் நிக்கிறாருல்ல" என்பார். நின்றுகொண்டிருக்கும் ஆளைக் காக்க வைக்காமல் சரியான தொகையைச் சொல்ல வேண்டும். காக்பிட்டில் நான் செய்யும் கணக்கு பெரும்பாலும் அந்த ரகம்தான் என்பது எனக்குப் பத்து வருடம் கழித்துத் தெரிந்தது.

குறுக்குக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் இறங்கும்போது காற்று ஓடுதளத்துக்கு நேராக வீசினால் தொல்லையில்லை. சாய்வாக வந்தால், அதில் எவ்வளவு பங்கு விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று தெரிய வேண்டும். பாடப்புத்தகம் இதற்கு சைன் கோணம் என்று சொல்லும். காற்றின் வேகத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கு. 500 அடியில், ஒரு கை கன்ட்ரோலிலும் ஒரு கை எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலிலும் இருக்கும்போது யாரும் சைன் அட்டவணை பார்ப்பதில்லை. கடிகாரத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லித்தருவார்கள். 15 நிமிடம் என்றால் கால் மணி, 30 அரை மணி, 45 முக்கால் மணி, 60 ஒரு மணி. அதே போல 15 டிகிரி சாய்வென்றால் காற்றில் கால் பங்கு, 30 என்றால் அரை, 45 என்றால் முக்கால், 60க்கு மேல் போனால் முழுதும் பக்கக் காற்றாகவே வைத்துக்கொள். சரியான சைன் மதிப்பை விட இது 45லும் 60லும் கொஞ்சம் கூடச் சொல்லும். கூடச் சொல்வது பாதுகாப்பான பக்கம்.

கிரவுண்ட் கிளாஸில் இதைப் போர்டில் எழுதியபோது என் பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கால், அரை, முக்கால், முழுசு. தாத்தா அதற்கு இரண்டு வருடம் முன்பு போய்விட்டிருந்தார்.

அதைப் பயன்படுத்த வேண்டிய நாள் சீக்கிரமே வந்தது. செஸ்னா 152, இரண்டே இருக்கை உள்ள சின்ன விமானம். நான் தனியாகப் பறந்துகொண்டிருந்தேன். மாணவர்கள் தனியாக இறங்க 8 நாட் பக்கக் காற்று வரை என்று என் இன்ஸ்ட்ரக்டர் வரம்பு வைத்திருந்தார். நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிகல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர். ஓடுதளம் 27, அதாவது மேற்கு நோக்கி, 270 டிகிரி. இறங்கப் போகும்போது டவர் சொன்ன காற்று: 315 டிகிரி, 12 நாட். வித்தியாசம் 45. முக்கால். பன்னிரண்டில் முக்கால் ஒன்பது. எட்டுக்கு மேல். முன்னால் ஓடுதளம் நன்றாகத் தெரிகிறது, இறங்கிவிடலாம் என்று கை சொல்கிறது. கோ-அரவுண்ட், அதாவது இப்போது இறங்கவில்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். கால் மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு காற்று 290 டிகிரிக்குத் திரும்பி 10 நாட் ஆனது. 20 டிகிரி, மூன்றில் ஒரு பங்கு, மூணு நாட்டுக்குச் சற்று மேல். இறங்கினேன். இன்ஸ்ட்ரக்டர் லாக் புக்கில் கையெழுத்துப் போடும்போது, "ஒன்பதுன்னு எப்படிப் போட்டே?" என்று ஹிந்தியில் கேட்டார். முக்கால் என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன்.

பிளஸ் டூ கணிதத்தில் இதைவிடப் பெரிய விஷயங்கள் எவ்வளவோ இருக்கின்றன. வகையீடு, தொகையீடு, அணிக்கோவை, கலப்பெண். இவற்றில் எதையும் நான் இதுவரை விமானத்தில் தொட்டதில்லை. நேவிகேஷன் தேர்வுக்கு முக்கோணம் தெரிய வேண்டும்: விமானத்தின் திசை ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம், தரையில் உண்மையில் நகரும் பாதை மூன்றாவது பக்கம். விகிதம் தெரிய வேண்டும். அலகு மாற்றத் தெரிய வேண்டும். வேகம், நேரம், தூரம் இந்த மூன்றையும் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் தடுமாறக் கூடாது. பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

அறுபதுக்கு ஒன்று என்ற விதியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை, அவ்வளவு அழகு அது. 60 நாட்டிகல் மைல் தூரம் போய் ஒரு மைல் விலகியிருந்தால், ஒரு டிகிரி தவறிவிட்டாய் என்று பொருள். என் முதல் தனிப் பயணத்தில் 75 மைல் தள்ளி இன்னொரு விமானத்தளத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். 30ஆவது மைலில் ஆற்றின் மேல் ஒரு ரயில் பாலம் எனக்கு நேர் கீழே வர வேண்டும். நேரம் ஆகிவிட்டது, கீழே வெறும் வயல். தொண்டை உலர்ந்துவிட்டது. மங்கல் நாள், எட்டு கிலோமீட்டருக்கு மேல் கண்ணுக்கு எட்டவில்லை. வலப்பக்க ஜன்னலில், தூரத்தில், தீப்பெட்டி அடுக்கியது போலப் பாலம் தெரிந்தது. சுமார் மூன்று மைல் இருக்கும். முப்பதில் மூன்று என்றால் அறுபதில் ஆறு; ஆறு டிகிரி இடப்பக்கம் விலகியிருக்கிறேன். ஆறு டிகிரி வலப்பக்கம் திருப்பினால் போட்ட பாதைக்கு இணையாகத்தான் போவேன், ஊர் வராது. மீதி 45 மைலில் அந்த மூன்று மைலையும் சேர்த்து ஈடுகட்ட வேண்டும்: நாற்பத்தைந்தில் மூன்று, அறுபதில் நான்கு. ஆறும் நாலும் பத்து. பத்து டிகிரி வலப்பக்கம் திருப்பினேன். அரை மணி நேரம் கழித்து ஓடுதளம் மூக்குக்கு நேரே வந்தபோது நான் சத்தமாக அழுதேன். கேட்க யாரும் இல்லை. திருப்பாமல் போயிருந்தால் அந்த ஓடுதளத்தை ஏழரை மைல் தள்ளிக் கடந்திருப்பேன். அந்த மங்கலில் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

இப்போது ஓட்டும் விமானத்தில் கணினி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எந்த இடத்தில் கீழே இறங்கத் தொடங்க வேண்டும் என்று அதுவே புள்ளி வைத்துக் காட்டும். ஆனாலும் நாங்கள் இருவரும் மனதுக்குள் மூணாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இருப்போம்: ஆயிரம் அடி இறங்க மூன்று மைல். 36,000 அடியென்றால் முப்பத்தாறு மும்மடங்கு, 108 மைல். சென்னை நெருங்கும்போது கன்ட்ரோலர் சில நேரம் குறுக்கு வழி கொடுத்து 15 மைல் குறைத்துவிடுவார். 15 மைல் குறைந்தது என்றால் அந்த நொடியில் 5,000 அடி கூடுதல் உயரத்தில் நிற்கிறோம். அதை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை ரேடியோவில் பதில் சொல்வதற்குள் முடிவு செய்தாக வேண்டும். ஆள் நிக்கிறாருல்ல.

கணக்கு தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் சம்பவம் 1983 ஜூலை 23இல் கனடாவில் நடந்தது. ஏர் கனடாவின் 143ஆம் விமானம், போயிங் 767, மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும். எரிபொருள் அளவைக் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் டாங்கில் அளவுகோல் வைத்து லிட்டரில் அளந்து, கணக்குப் போட்டுக் கிலோவாக்கினார்கள். இருந்தது 7,682 லிட்டர். வேண்டியது 22,300 கிலோ. கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது; அந்த 767 கிலோவில் கணக்கு வைத்த புது விமானம். ஒரு லிட்டர் எரிபொருள் சுமார் 0.8 கிலோ. ஆனால் கணக்குப் போட்டவர்கள் பழைய பழக்கத்தில் இருந்த 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். 1.77 என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். 13,597 கிலோ இருக்கிறது என்று விடை வந்தது. மீதிக்கு ஐயாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள். இருபதாயிரம் லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும். ஒட்டாவாவில் மறுபடி அளந்தபோதும் அதே எண்ணால்தான் பெருக்கினார்கள். 41,000 அடியில், 61 பயணிகளோடும் 8 ஊழியர்களோடும், இரண்டு எஞ்சினும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுபோயின.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தாத்தா கடையின் எண்ணெய் டின்தான் நினைவுக்கு வந்தது. 15 கிலோ டின்னை லிட்டர் படியில் அளந்து ஊற்றினால் பதினாறரை லிட்டர் வரும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோவை ஒருநாளும் தொடாது. விருதுநகரில் எண்ணெய் வியாபாரம் செய்யும் யாரிடமாவது போய், ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஒண்ணேமுக்கால் கிலோ என்று சொல்லிப் பாருங்கள். பெருக்கிப் பார்க்க மாட்டார்கள், வெளியே அனுப்பிவிடுவார்கள். எண்ணைப் பார்த்ததும் இது இருக்கவே முடியாது என்று உடம்பு சொல்கிற அந்த உணர்வைத்தான் நான் கணக்கு என்கிறேன். அதற்கு மார்க் ஷீட்டில் இடமில்லை.

அந்தக் கதையில் இரண்டாவது கணக்கும் ஒன்று உண்டு. எஞ்சின் இல்லாமல் சறுக்கிக்கொண்டிருந்த விமானத்தில், துணை விமானி மாரிஸ் குவின்டல், எத்தனை மைலுக்கு எத்தனை அடி இழக்கிறோம் என்று பார்த்துக் கணக்குப் போட்டார். வினிபெக் வரை தாங்காது என்று தெரிந்தது. தான் முன்பு விமானப்படையில் இருந்தபோது பணியாற்றிய கிம்லி தளம் அருகில் இருந்தது. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். உயரம் கூடுதலாக இருந்தபோது விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து, உயரத்தைக் கரைத்து, கார் பந்தயம் நடந்துகொண்டிருந்த அந்தப் பழைய ஓடுதளத்தில் இறக்கினார். ஒரு உயிரும் போகவில்லை. ஒரே பயணத்தில், ஒரு பெருக்கல் அவர்களை நடுவானில் நிறுத்தியது. இன்னொரு வகுத்தல் தரைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் ஆறாம் வகுப்புக் கணக்கு.

அறிவியலுக்கு வருகிறேன். இதில் என் மனம் மாறியிருக்கிறது. அந்த இயற்பியல் 312 படிக்கும்போது, விதிக்காக இதைப் படிக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலோடுதான் படித்தேன். பக்கத்து வீட்டு டியூஷன் அண்ணன் ஆவியாதல் பற்றிச் சொல்லும்போது மண்பானையைக் காட்டினார். பானையின் தோலில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அதனால் குளிர்கிறது என்று. தேர்வில் இரண்டு மதிப்பெண்.

மழைக்காலத்து ஒரு காலையில், 2,000 அடியில், என் செஸ்னாவின் எஞ்சின் சுற்று மெதுவாக இறங்கத் தொடங்கியது. த்ராட்டிலை நான் தொடவே இல்லை. வெளியே 26 டிகிரி, காற்றில் நசநசவென்று ஈரம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகிறது. குறுகிய குழாயில் காற்று விரிகிறது. அந்த இடத்தில் வெப்பம் முப்பது டிகிரிக்கு மேலும்கூடச் சரியலாம். ஈரம் பனிக்கட்டியாகி எஞ்சினின் மூச்சுக்குழலை அடைக்கும். 26 டிகிரி வெயில் ஊரில் எஞ்சினுக்குள் பனி. மண்பானைதான். சூடான காற்றை உள்ளே விடுவதற்கு ஒரு குமிழ் இருக்கிறது, அதை இழுத்தேன். உடனே எஞ்சின் இன்னும் மோசமானது. சுற்று மேலும் விழுந்து, இருமியது, விமானமே உதறியது. அந்த நேரத்தில் யாருக்கும் கை தானாகக் குமிழைத் திருப்பித் தள்ளத்தான் போகும். தள்ளக் கூடாது. பனி உருகித் தண்ணீராக எஞ்சினுக்குள் போவதால்தான் இருமல். கொஞ்ச நேரம் பொறுத்தால் சரியாகும். பொறுத்தேன். அந்தச் சில நொடிகள் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. பிறகு சுற்று ஏறி, பழைய இடத்துக்கு வந்தது.

குமிழை இழு என்பதை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்யலாம். எஞ்சின் மோசமாகும்போதும் அதை விடாமல் பிடித்திருக்க, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து 312 மேல் எனக்குக் கோபமில்லை.

அதே போல மே மாத வெயில். எங்கள் தளம் கடல் மட்டத்திலிருந்து 1,500 அடி. அந்த உயரத்துக்கு இருக்க வேண்டிய வெப்பம் 12 டிகிரி, கடல் மட்டத்தில் 15, ஆயிரம் அடிக்கு இரண்டு குறையும் என்ற கணக்கில். வெளியே 42. முப்பது டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்தால் 3,600. ஆக விமானத்துக்கு அது 5,100 அடி உயரம், ஏற்காட்டு மலை மேலிருந்து கிளம்புவது போல. சூட்டில் காற்று மெலிந்துவிடுகிறது. இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது, எஞ்சினுக்கு மூச்சு குறைகிறது, ஓடும் தூரம் நீள்கிறது. இது தெரிந்தவர் டாங்கை நிரப்பும் முன் ஒருமுறை யோசிப்பார்.

ரைட் சகோதரர்கள் இருவரிடமும் பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லை. சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். 1901இல் அவர்களுடைய கிளைடர் கணக்குப்படி தூக்க வேண்டிய எடையைத் தூக்கவில்லை. அந்தக் காலத்தில் இறக்கை எவ்வளவு தூக்கும் என்று கணக்கிட எல்லோரும் நம்பிப் பயன்படுத்திய எண் 0.005. அவர்கள் அதைச் சந்தேகப்பட்டு, தங்கள் கிளைடரில் அளந்ததை வைத்து, அது 0.0033 அருகில்தான் இருக்க வேண்டும் என்று கண்டார்கள்; மரப்பெட்டியில் காற்றை ஊதவிட்டுச் சோதிக்கும் ஒரு காற்றுக் குடைவு செய்து, இருநூறு வரை சின்னச் சின்ன இறக்கை வடிவங்களை அதில் வைத்தும் பார்த்தார்கள். அவர்களிடம் மதிப்பெண் பட்டியல் கேட்டிருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார்கள். ஆனால் கணக்கு வேண்டாம் என்று இருந்தவர்களும் இல்லை. எங்கள் பிள்ளைகள் இந்த இரண்டையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து வயதில், பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் குரூப்பை வைத்து ஒரு பிள்ளை வானத்துக்குப் போகலாமா என்று முடிவு செய்வது சரியில்லை. நேவிகேஷன் தாளிலும் காக்பிட்டிலும் சோதிக்க வேண்டியதை அங்கேயே கறாராகச் சோதிக்கலாம். ஆனால் விதி தளர்ந்தாலும், காமர்ஸ் பிள்ளை அந்த இயற்பியலைப் படித்தே ஆக வேண்டும். சான்றிதழுக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பனிக்காகவும் அந்த வெயிலுக்காகவும். என் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப்பில் கணிதத்தில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கிய பையன் ஒருவன் இருக்கிறான். தாளில் எந்தக் கணக்கையும் போடுவான். எதிரே நின்று, கையில் பேனா இல்லாமல், 18 நாட்டில் முக்கால் எவ்வளவு என்று கேட்டால் திணறுகிறான். அவனுக்கும் தினமும் அரை மணி நேரம் வாய்க்கணக்குத்தான் கொடுத்திருக்கிறேன். ஒரு மாதத்தில் நன்றாக முன்னேறியிருக்கிறான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரைக்கோடிக்கு மேல் போகிற படிப்பு இது. எங்கள் வீட்டுப் பத்திரம் பல வருடம் வங்கியில் இருந்தது. கணக்கைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ இதயத்திலோ ஒரு தடை இருந்தால் அது கட்டணம் கட்டிய பிறகு தெரியவரக் கூடாது.

சாத்தூர்ப் பெண்ணிடம் அன்று போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உளுந்து கிலோ நூத்தி அறுபது. முக்காக் கிலோ எவ்வளவும்மா?" "நூத்தி இருபது" என்றாள், நான் கேட்டு முடிப்பதற்குள். அவள் அம்மா வாரச்சந்தையில் பருப்பு விற்கிறவர் என்று அப்புறம்தான் சொன்னாள். திறந்தநிலைப் பள்ளிக்கு விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று சொன்னேன். கடிகாரக் கணக்கையும் சொல்லிக்கொடுத்தேன்.

நேற்று இரவு வாட்ஸ்அப்பில் அவளுக்கு ஒரு கணக்கு அனுப்பினேன். ஓடுதளம் 09, காற்று 130 டிகிரி, 18 நாட். பக்கக் காற்று எவ்வளவு?

"நாப்பது நிமிஷம், மூணுல ரெண்டு பங்கு. பன்னெண்டு."

கால்குலேட்டரில் பார்த்தேன், 11.6. எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு படம் வந்தது. நோட்டுத் தாளில் பென்சிலால் ஓடுதளம் வரைந்து, வலப்பக்கத்திலிருந்து சாய்வாக ஓர் அம்பு போட்டிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்:

"வலது பக்கம்க்கா. அப்ப மூக்கையும் வலது பக்கமா கொஞ்சம் திருப்பி வச்சுக்கிட்டே வரணுமா?"